சின்ன எழுத்தில் இருக்கும் பெயர்

கோத்தகிரி,
ஞாயிறு மாலை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. பேத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள் என்று எழுதியிருந்ததை அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். அம்மா இப்போது நன்றாக இருக்கிறாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மீதிக் கடிதம் உன்னைக் கொஞ்சம் பயமுறுத்தும்.

மார்கழியில் ஒரு நாள், விடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும். அம்மாவின் கட்டிலிலிருந்து முனகல் கேட்டது. போய்த் தொட்டால் கழுத்து, முதுகு எல்லாம் நனைந்திருந்தது. இரண்டு கம்பளி போர்த்தியும் நடுங்குகிற குளிரில் அவளுக்கு மட்டும் வேர்வை! பேச்சு குழறியது, என்னை யாரென்று தெரியவில்லை. பக்கவாதம்தான் வந்துவிட்டது என்று நினைத்துக் கைகால் ஓடவில்லை எனக்கு.

அம்மாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை நோய் ஆயிற்றே, தம்பி சர்க்கரைத் தண்ணீர் கரைத்து எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். அதற்குள் அம்மாவுக்கு நினைவே இல்லை. வாயைத் திறந்து ஊற்றப் போனவனின் கையைப் பிடித்துத் தடுத்தேன். நான் வேலையில் இருந்தபோது எங்கள் பள்ளிக்கூடத்துக்கு முதலுதவி சொல்லிக்கொடுக்க வந்தவர்கள், மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அது எப்படியோ அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது. நினைவு இருந்து, விழுங்கவும் முடிந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுக்கலாம்; கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். நினைவில்லாதவரை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுவதுதான் வழி.

பக்கத்து வீட்டுக்காரர் சர்க்கரை பார்க்கும் மெஷினைக் கொண்டுவந்தார். 38 காட்டியது. எழுபதுக்குக் கீழே போனாலே குறைவு.

108-இல் பேசிய பெண் பதறவே இல்லை. மூச்சு சீராக இருக்கிறதா, எந்தத் திருப்பம், பக்கத்தில் என்ன கோயில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பனிமூட்டத்தில் எங்கள் சந்து கண்ணுக்குத் தெரியாது என்பதால் தம்பி மகன் டார்ச்சுடன் மெயின் ரோட்டில் போய் நின்றான். வண்டி வர முப்பத்தைந்து நிமிஷம். அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. மலையில் அவ்வளவு நேரம் ஆகும். அந்த முப்பத்தைந்து நிமிஷம் நம் கையில் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. வந்தவர்கள் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் அம்மா கண் திறந்து, "பால்காரன் வந்துட்டானா?" என்று கேட்டாள். நான் நடுரோட்டில் நின்று அழுதுவிட்டேன்.

சரி, ஏன் இப்படி ஆயிற்று? ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா, "வீட்டில் இருக்கிற மாத்திரை அத்தனையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வாங்க" என்றார். கட்டிலில் கொட்டிப் பார்த்தால் இரண்டு அட்டை. ஒன்று பச்சை, ஒன்று வெள்ளி நிறம். பெரிய எழுத்தில் வேறு வேறு பெயர், வேறு வேறு கம்பெனி. அடியில் சின்ன எழுத்தில் இரண்டிலும் ஒரே பெயர்: கிளிமிபிரைடு, சர்க்கரையைக் குறைக்கிற மாத்திரை. ஒன்று பல வருஷமாகச் சாப்பிட்டுவந்தது. இன்னொன்று, ஐப்பசியில் கால் எரிச்சலுக்காக வேறொரு டாக்டரிடம் காட்டியபோது எழுதிக்கொடுத்தது. பழைய மாத்திரையைப் பற்றி அவரிடம் நாங்கள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அதோடு அன்று ராத்திரி அம்மாவுக்கு வாய் கசந்து அரை டம்ளர் கஞ்சியோடு படுத்துவிட்டாள். உடம்பில் சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை அது. வயதானவர்களுக்குச் சிறுநீரகம் தளர்ந்திருந்தால் சீக்கிரம் வெளியேறவும் செய்யாது. அதனால்தான் குளுக்கோஸ் ஏற்றி எழுந்து உட்கார்ந்த பிறகும் ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்தார்கள். மத்தியானம் மறுபடியும் இறங்கியது. தெளிந்துவிட்டாளே என்று வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்திருந்தால்? அதை நினைத்தால் இன்னும் தூக்கம் கெடுகிறது.

வந்ததும் முதல் வேலையாக ஒரு தாளில் எழுதி சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டினேன். மருந்தின் பெயர் (சின்ன எழுத்தில் இருப்பது), எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எதற்காக, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. அதையே போட்டோ எடுத்துத் தம்பிக்கும் அனுப்பினேன். மக்களைத் தேடி மருத்துவம் என்று பிரஷர், சர்க்கரைக்கு வீடு தேடி வருகிறார்களே, அந்தப் பெண்ணிடமும் ஒவ்வொரு முறையும் காட்டுகிறேன். அட்டையைப் பெயரும் தேதியும் இல்லாத பக்கத்திலிருந்துதான் பிரித்துச் சாப்பிட வேண்டும் என்பதைக்கூட இந்த வயதில்தான் கற்றுக்கொண்டேன்.

அப்புறம் எங்கள் மகளிர் குழுவில் இதைச் சொன்னேன். அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் மாத்திரை டப்பாவோடு வந்தார்கள். பாயில் பரப்பிப் பார்த்தோம். ஒரு வீட்டில் காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, உடம்பு வலிக்கு ஒன்று, மூன்றிலும் பாராசிட்டமால்! பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஈரல் கெடும், முதல் நாள் ஒன்றும் தெரியாது. இலை பறிக்கப் போகும் ஓர் அக்கா முட்டிவலிக்குக் கடையில் "ஒரு செட்" கேட்டு வாங்கித் தினமும் போடுகிறார். காகிதத்தில் மடித்துக் கொடுத்த பெயரில்லாத மாத்திரைகள். கொஞ்ச நாளாக மலம் தார் போலக் கறுப்பாகப் போகிறதாம். அது குடலில் இரத்தம் கசிவதாக இருக்கலாம் என்று மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். புண்தான், இப்போது மருந்து சாப்பிடுகிறார். ஒரு கூட்டத்தில் ஒருவரைக் காப்பாற்ற முடிகிறது என்றால் நான் மாதாமாதம் போவேன்.

இங்கே இன்னொன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன்னால் இரண்டு வாரத்து மாத்திரை கையிருப்பு வேண்டும். 2009 நவம்பரில் மண் சரிந்து ரோடுகள் அறுந்துபோனதை எங்கள் ஊரில் யாரும் மறக்கவில்லை. நெஞ்சு வலித்தால் கோயம்புத்தூர் போகக் கார் தேட வேண்டாம், முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். இதயம் காப்போம் திட்டத்தில் 2023-இலிருந்து முதல் வேளை மாத்திரைகளை அங்கேயே கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள். நிஜமாகவே பக்கவாதம் என்றால், இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. மலை இறங்கவே அதில் பாதி போய்விடும். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற மணியை யாராவது குறித்துவைக்க வேண்டும்.

பேத்திக்கு இருமல் என்று எழுதியிருந்தாய். வீட்டில் மிச்சம் இருக்கும் சிரப்பைக் கொடுத்துவிடாதே. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தது டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்த இருமல் சிரப்பால்தான். இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்தே வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறையும் அப்போது சொன்னது. டாக்டரிடம் காட்டு.

அண்ணனுக்குப் புது பிரஷர் மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து வறட்டு இருமல், ராத்திரி தூங்கவிடவில்லை என்கிறாயே, அது சளியே இல்லாமல் இருக்கலாம். ராமிப்ரில், எனலாப்ரில் மாதிரி "ப்ரில்" என்று முடிகிற மாத்திரைகளுக்கு அப்படி ஓர் இருமல் உண்டு. அவராக நிறுத்த வேண்டாம், பிரஷர் ஏறிவிடும். டாக்டரிடம் சொன்னால் வேறு மாற்றித் தருவார். முகமோ உதடோ வீங்கினால் மட்டும் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காதே. மருந்தால் வந்த கோளாறு எதுவானாலும் 1800-180-3024 என்ற கட்டணமில்லாத எண்ணில் நாமே தெரிவிக்கலாம், தெரியுமா? நாடு முழுக்க வரும் புகார்களைச் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

அண்ணனின் மாத்திரை அட்டையை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, அந்தச் சின்ன எழுத்தைப் பார்த்து அடுத்த கடிதத்தில் எனக்கு எழுது.

என்றும் அன்புடன்,
உன் கோத்தகிரித் தோழி