மெல்போர்ன் தவளை பழகிக்கொள்ளவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏரிக்கரைச் சாலை விரிவாக்கம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், 'மெல்போர்ன் தவளைகள் வாகன இரைச்சலுக்கேற்பக் குரலை மாற்றிக்கொண்டன. நம்மூர்த் தவளைகளும் பழகிக்கொள்ளும்' என்று ஒரு வரி இருந்தது. படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. 2009இல் வெளியான அந்த ஆய்வைத் தாங்கள் அறியாதவர் அல்லர். அது பழகிக்கொண்ட கதை இல்லையே!

அங்குள்ள பழுப்பு மரத்தவளை, இரைச்சல் மிகுந்த குட்டைகளில் சற்றே சுருதி ஏற்றிக் கூப்பிடுகிறது. வாகன இரைச்சலின் பெரும்பகுதி 2,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே என்பதால், மேலே ஏறினால் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். ஆனால் எவ்வளவுதான் ஏற முடியும்? ஆண் தவளை வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, நுரையீரல் காற்றைக் குரல்வளை வழியே குரல்பைக்குத் தள்ளித்தான் கூப்பிடுகிறது. குரல்வளையின் பருமன் எவ்வளவோ, சுருதிக்கு எல்லையும் அவ்வளவே. பல இனங்களில் பெண் தவளை நாடுவது கனத்த குரலை. பெரிய உடம்புக்கு அதுதான் அடையாளம். சுருதி ஏறிய மெலிந்த குரல் காதில் விழுந்தும் பெண் தவளை வராமல் போகலாம்.

கணக்கையும் பாருங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் கூப்பாடு 6 டெசிபல் குறையும். பின்னணி இரைச்சல் 12 டெசிபல் கூடினால், 80 மீட்டர் எட்டிய குரல் 20 மீட்டரோடு நின்றுவிடும். கேட்கும் பரப்பு பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கும். மழைக்கு மஞ்சளேறும் நம் பெருந்தவளைக்கு முதல் கனமழையை ஒட்டிய சில இரவுகள்தான் இணைசேரும் காலம். அந்த இரவுகளில் கரையில் சாலை வேலைக்கான ஜெனரேட்டர் ஓடினால் அது எங்கே போய்க் கூப்பிடும்?

தவளை பற்றி எது வந்தாலும் 'நுணலும் தன் வாயால் கெடும்' என்றே தலைப்பிடுகிறீர்கள். தேரையின் படத்தைப் போட்டுத் தவளை என்கிறீர்கள். மழை வேண்டித் தவளைக்குக் கல்யாணம் நடந்தால் அரைப் பக்கம். ஒரு குளத்தில் கூப்பாடே அடங்கிப்போனால் ஒரு வரி கிடையாது. பொறுத்துக்கொண்டோம்.

'கூப்பாடு குறையவில்லை' என்றும் கட்டுரை சொல்கிறது. எந்த இனத்தின் கூப்பாடு? தாய்லாந்தில் ஒரு குளத்தில் விமான, மோட்டார் சைக்கிள் ஒலிகளின்போது மூன்று இனங்கள் கூப்பாட்டைக் குறைத்தன; ஒன்று மட்டும் கூட்டியது, மற்றவை அடங்கியதால் இருக்கலாம் என்பது 2005இல் வந்த ஆய்வு. கரையில் நின்று கேட்பவருக்குக் குளம் கலகலப்பாகத்தான் தோன்றும்.

கட்டுரையில் வந்த ஒலி அளவீடு காலை பதினோரு மணிக்கு எடுத்ததாம். இவை கூப்பிடுவது அந்தி சாய்ந்த பிறகு. போதாக்குறைக்கு, அதில் பயன்பட்ட 'ஏ' அளவுமுறை மனிதச் செவிக்காக வகுத்தது. 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் எண்ணைக் காட்டும். ஜெனரேட்டர் உறுமலும் லாரி அதிர்வும் இருப்பது அந்தக் கீழ்ச்சுருதியில்.

ஜெனரேட்டரைக் கரைக்கு மறுபுறம் இறக்கி, ரப்பர் தாங்கிகள்மேல் வைக்கலாம். மழை இரவுகளில் அந்தி முதல் நள்ளிரவு வரை இயந்திர வேலையை நிறுத்தலாம். இவற்றையாவது கட்டுரை கேட்டிருக்கலாம்.

தங்களிடம் வேண்டுவது இவ்வளவே: அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம். இனி ஒலி அளவீடு அச்சிடும்போது எடுத்த நேரம், நீர்விளிம்பிலிருந்து தூரம், மழை பெய்து எத்தனை நாள், 'ஏ' முறையா, கீழ்ச்சுருதியை அவ்வளவாகக் கழிக்காத 'சி' முறையா என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்