திதி வெண்பாவைத் தேதியாக்கித் தந்தவர்களுக்கு

பருத்தித்துறை, தும்பளை, புலோலி, வியாபாரிமூலை, அல்வாய் ஆகிய இடங்களில் இருந்தும், கடல் கடந்து போயும் ஊரை மறக்காதவர்களிடம் இருந்தும் கல்வெட்டும் (இறந்தவரைப் பற்றி வெண்பாவும் புலம்பலுமாகப் பாடி அச்சிடும் நூல்) நினைவு மலரும் தந்துதவிய எல்லோருக்கும் வணக்கம். அவற்றைச் சேகரித்து, ஸ்கான் செய்து, பெயரையும் தேதியையும் பதிவில் ஏற்றுவதுதான் எங்கள் வேலை.

நன்றி மடல் என்றால் பெயர்ப்பட்டியல் வரும். இதில் வராது. தந்தவர்களில் பலர் "எங்கட பேரைப் போடாதேங்கோ" என்று சொல்லித்தான் தந்தார்கள். மற்றவர்களின் பெயரை மட்டும் போட்டால், போடாதவர்கள் யார் என்று ஊர் ஒரு பின்னேரத்துக்குள் கணக்குப் பார்த்துவிடும். ஆகவே ஆளைச் சொல்லாமல் செய்த வேலையைச் சொல்கிறோம். செய்தவர்களுக்குத் தெரியும்.

முதல் நன்றி, அலுமாரியைத் திறந்தவர்களுக்கு. ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளில் அந்தியேட்டி, வீட்டுக்கிருத்தியம் என்ற சடங்குகள் முடிந்து, சாப்பிட்டு எழும்பும்போது கையில் தருகிற மலரைப் பெரும்பாலான வீடுகளில் சாமியறையில் வைப்பார்கள். பின்னால் சிவபுராணமும் கந்தசஷ்டி கவசமும் இருப்பதால் எறிய மனம் வராது. அந்தப் பக்திப்பாடல் பக்கங்கள்தான் முன்பக்கத்து மனிதர்களைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன. 1987 வடமராட்சி நடவடிக்கையிலும் 2004 ஆழிப்பேரலையிலும் வீட்டுப் பத்திரங்கள் போன குடும்பங்களுக்கு, அயல்வீட்டுச் சாமியறையில் கிடந்த மலரே தாத்தாவின் பிறந்த ஆண்டைச் சொல்லும் ஒரே காகிதம். சொந்த வீட்டில் இல்லாத மலர் சம்பந்தி வீட்டில் இருக்கும் என்பதைக் கண்டுபிடித்துச் சொன்ன சனசமூக நிலையத்துப் பிள்ளைகளுக்கு இதில் பெரிய பங்கு உண்டு.

அடுத்தது, குளிர்ப்பெட்டி தந்த மீன் வியாபாரிக்கு. சிரிக்க வேண்டாம், இந்த வேலையில் மிகவும் பயன்பட்ட பொருள் அதுதான். இராமபாணமும் வெள்ளிப்பூச்சியும் ஏறிய புத்தகத்துக்கு மருந்தடித்தால் தாளும் கெடும், வாசிப்பவரின் சுவாசமும் கெடும். குளிர் போதும். நன்றாக உலர்ந்த புத்தகத்தைப் பொலித்தீன் பையில் இட்டு, காற்றை அமர்த்தி எடுத்து, வாயை ஒட்டி, அதை இன்னொரு பைக்குள் வைத்து, பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை அல்லது அதற்கும் குளிரான பெட்டியில் இரண்டு கிழமை விட வேண்டும். பூச்சியோடு முட்டையும் சாகும். பிழை விடுவது வெளியே எடுக்கும்போதுதான். எடுத்த கையோடு பையைத் திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த தாளில் வியர்த்துவிடும். ஒரு முழு நாள் திறக்காமல் மேசையில் கிடக்க வேண்டும். வியர்வை பையின் வெளிப்புறத்தில் நிற்கும், துடைத்துவிட்டுத் திறக்கலாம். இரண்டு பை போட்டதால் மீன் வாசமும் ஏறவில்லை. வேப்பிலை வைப்போருக்கு ஒரு சொல்: பச்சை இலை வைத்தால் ஈரத்தையும் சேர்த்துத்தான் வைக்கிறீர்கள்.

மழைக்கு நனைந்த மலர்களை அப்படியே, பிரிக்காமல் கொண்டுவந்தவர்களுக்கும் நன்றி. படம் அச்சிட்ட வழவழப்பான ஆர்ட் தாளின் மேல் வெண்களிப் பூச்சு உண்டு. நனைந்தால் அது பசைபோல் இளகி, காயும்போது பக்கத்தோடு பக்கம் ஒட்டிப்போகும். ஈரமாக இருக்கும்போதே தாளுக்கு இடையில் மெழுகுத்தாள் வைத்து மின்விசிறிக் காற்றில் உலர்த்தினால் பிழைக்கும். காய்ந்து ஒட்டியபின் இழுத்துப் பிரித்தால் படத்தில் முகம் இருந்த இடம் வெள்ளையாகிப் போகும். வெயிலில் காயப்போட்டவை வளைந்து முறுகின. கார்த்திகை மழையும் கடற்காற்றும் உள்ள ஊரில் இது தெரிந்திருப்பது நல்லது.

துருப்பிடித்த கம்பியைக் கழற்றித் தந்த தையற்கார அக்காவின் கைக்கு நிகர் இல்லை. மலர்கள் பெரும்பாலும் நடுவில் இரண்டு கம்பி அடித்தவை. உப்புக்காற்றில் கம்பி துருவாகி, அதைச் சுற்றிய தாளும் பொடியாகும். வெளிப்பக்கத்தில் இருந்து இழுத்தால் துளை கிழியும். நடுப்பக்கத்தைத் திறந்து, மடிந்த இரு கால்களையும் மெல்லிய தகட்டால் நிமிர்த்தி, பிறகுதான் வெளியே தள்ள வேண்டும். ஸ்கான் செய்து முடிந்ததும் பருத்தி நூலால், நடுத்துளையில் உள்ளிருந்து தொடங்கி மூன்று துளைத் தையல். நைலோன் நூல் தாளை அறுக்கும். செலோ டேப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, மஞ்சளாகி உதிர்ந்தபிறகும் அதன் பசை அங்கேயே இருக்கும். கிழிந்திருந்தால் ஒட்டாமல் கிழிந்தபடியே ஓர் உறையில் இட்டுத் தாருங்கள்.

ஸ்கான் வேலையை இராத்திரியில், மின்சாரம் சீராக இருக்கும் நேரம் பார்த்துச் செய்த இளைஞர்களுக்கு நன்றி. எழுத்துப் பக்கத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி, படப் பக்கத்துக்கு 600. பழைய மலர்களில் படம் புளொக் போட்டு அச்சிட்டது, சிறு புள்ளிகளால் ஆனது. 300இல் எடுத்தால் அந்தப் புள்ளிகளும் கருவியின் புள்ளிகளும் மோதி முகத்தில் அலையலையாகக் கோடு விழும். 600இல் எடுத்துப் பிறகு சிறிதாக்கினால் அடங்கும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருந்து வட்ஸ்அப்பில் படமாக அனுப்பியவர்கள் கோபிக்க வேண்டாம்: அது படத்தைச் சுருக்கிவிடுகிறது, வம்சாவளிப் பக்கத்தின் சின்ன எழுத்து கூழாகிறது. கோப்பாக இணைத்து அனுப்பினால் எடுத்தபடியே வரும். இதைச் சொன்னதும் முகம் சுளிக்காமல் மறுபடி எடுத்து அனுப்பினார்கள்.

இனி இந்த மடலின் தலைப்புக்குரியவர்கள். கல்வெட்டில் இறந்த நாள் ஆங்கிலத் தேதியாக இராது, திதி வெண்பாவாக இருக்கும். ஆண்டின் பெயர், மாதம், பூர்வபக்கமா (வளர்பிறை) அபரபக்கமா (தேய்பிறை), என்ன திதி. சிலவற்றில் கிழமையும் நட்சத்திரமும். இதைத் தேதியாக்குவது நினைத்ததைவிடக் கடினம். ஒரு வெண்பாவில் 'பார்த்திப' ஆண்டு, மாசி, பூர்வபக்கத் தசமி என்று இருக்கிறது என்று வையுங்கள். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை பெயர் திரும்பும். பார்த்திப 1945இலும் தொடங்கியது, 2005இலும் தொடங்கியது. எது என்பதை வெண்பா சொல்லாது. தாள், எழுத்து வடிவம், அச்சகத்தின் தொலைபேசி எண்ணில் எத்தனை இலக்கம் என்பவைதான் சொல்லும். அதைத் தீர்த்தாலும் அடுத்த குழி இருக்கிறது: ஆண்டு சித்திரையில் பிறப்பதால் பார்த்திப மாசி 2005இல் வராது, 2006 பெப்ரவரி நடுவில் தொடங்கி மார்ச் நடுவில் முடியும். தை, மாசி, பங்குனியில் இறந்தவர்களின் ஆண்டைப் பேரப்பிள்ளைகள் ஒன்று குறைத்து எழுதியிருப்பது இதனால்தான். மரண அத்தாட்சிப் பத்திரத்தோடு ஒத்துப் பார்த்தபோது மிக அதிகமாகக் கண்ட பிழையும் இதுவே.

ஆனி, ஆடிபோல் நீண்ட மாதங்களில் ஒரே திதி இருமுறையும் வரலாம். அப்போது கிழமை சொல்லியிருந்தால் தப்பினோம். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் சில நாழிகை வேறுபாடு உண்டு, இரவில் இறந்தவருக்கு அதுவே ஒரு நாள் வித்தியாசமாகிவிடும். பழைய பஞ்சாங்கக் கட்டுகளை மடியில் வைத்து, எந்தக் குடும்பம் எந்தப் பஞ்சாங்கம் பார்க்கும் என்பதையும் நினைவில் வைத்து, ஒவ்வொரு வெண்பாவையும் தேதியாக்கித் தந்த குருக்கள் ஐயாவுக்கும் அவருக்குப் பக்கத்தில் இருந்து எழுதிய ஆசிரியைக்கும் கைகூப்புகிறோம். உறுதியில்லாத இடத்தில் "இரண்டில் ஒன்று" என்று எழுதிவிடச் சொன்னவரும் குருக்கள் ஐயாவே. அப்படியே எழுதியிருக்கிறோம்.

வெண்பாவை நம்பலாம், புலம்பலை நம்பக்கூடாது. மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று வருபவற்றில் ஒரே பாடல் பெயர் மட்டும் மாறி வேறு வேறு வீட்டு மலரில் இருக்கும். பாடிக்கொடுத்த புலவரைக் குறை சொல்லவில்லை. ஒரு மாதத்துக்குள் எழுதி, அச்சுக்கோத்து, பிழை பார்த்து, கட்டி முடிக்க வேண்டும் என்றால் யாரும் அதைத்தான் செய்வார்கள். அதே அவசரத்தில் ஒரு பேத்தியின் பெயர் விடுபட்டு, பிறகு சிறு துண்டில் அச்சிட்டு ஒட்டியதையும் காண்கிறோம். அந்தத் துண்டு விழுந்துவிட்டால் அந்தப் பிள்ளை குடும்பத்திலேயே இல்லை! ஆகவே தளர்ந்த துண்டை எடுத்துவிடாமல், ஒட்டிய நிலையில் ஒருமுறையும் தூக்கிப் பிடித்து ஒருமுறையும் ஸ்கான் செய்தவர்களின் பொறுமைக்குத் தனியாக நன்றி.

சுருக்கெழுத்துகளை விரித்துத் தந்த ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்கள் இல்லாவிட்டால் வாழ்க்கைக் குறிப்புகள் பாதி புரிந்திராது. 'எவ்.எம்.எஸ். றெயில்வே' என்றால் மலாயா, 'சீ.ஜீ.ஆர்.' என்றால் இலங்கைப் புகையிரதம், 'டீ.ஆர்.ஓ. கந்தோர்' என்றால் இன்றைய பிரதேச செயலகத்தின் முன்னோடி. 'தண்டையல்' என்பதை ஓர் ஆளின் பெயராகவே பதிவில் ஏற்றியிருந்தோம். அது கப்பலோட்டியின் பட்டம் என்று முனைப் பக்கத்துப் பெரியவர்கள் திருத்தினார்கள். அந்த ஒரு சொல் திருந்தியதும், 'வியாபாரம்' என்று மட்டும் எழுதியிருந்த பல குறிப்புகளுக்குக் கடல் வந்து சேர்ந்தது.

ஸ்கான் படத்தில் இருந்து எழுத்தை வாசித்தெடுக்கும் மென்பொருளான எழுத்துணரிக்கு நன்றி சொல்ல இயலவில்லை. தமிழ்நாட்டில் 1978இல் எழுத்தைச் சீர்திருத்திய பின்னும் நம் அச்சகங்களின் ஈய எழுத்துப் பெட்டிகள் வெகுகாலம் பழையபடிதான் இருந்தன. துதிக்கை வைத்த ணை, லை, னை, ஒட்டிக்கொண்ட ணா, றா, னா எல்லாவற்றையும் மென்பொருள் வேறேதோவாக வாசிக்கிறது. 'அண்ணாமலை' ஒருமுறையும் அண்ணாமலையாக வரவில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் கோடிட்ட கொப்பித் தாளில் அச்சிட்டவற்றில் அந்தக் கோடுகளே அதற்கு எழுத்தாகின்றன. கணினி வந்தபின் வந்த மலர்களிலும் நிம்மதியில்லை: பாமினி எழுத்துருவில் தட்டியதை அப்படியே பிரதி எடுத்தால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் கிடைக்கும், யூனிகோடுக்கு மாற்றி ஒவ்வொரு பெயரையும் மலரோடு ஒப்பிட வேண்டும். அப்படி உட்கார்ந்து தட்டச்சுச் செய்த, கண் பார்த்த மாணவிகளுக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும். கந்தையாவும் செல்லம்மாவும் எத்தனை பேர்! பெயரோடு குறிச்சி, இறந்த ஆண்டு, தகப்பன் பெயர் மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு பதிவு என்ற விதியை வைத்தவர்கள் அவர்களே. 'இன்னாரின் பாசமிகு மனைவி' என்று மட்டும் அச்சான பெண்களுக்கு வம்சாவளிப் பக்கத்தில் இருந்து சொந்தப் பெயரைத் தேடி எடுத்து முதலில் போட்டவர்களும் அவர்களே.

2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் நினைவு மலர்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிட்டு வந்ததால் ஒரே மலரைத் திரும்ப ஸ்கான் செய்யும் வீண்வேலை குறைந்தது.

சில பக்கங்களை எல்லோரும் பார்க்க வைக்கவில்லை. வம்சாவளியில் உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, விலாசம், தொலைபேசி எண் ஆகியவற்றை மறைத்திருக்கிறோம். பாடல்களில் வரும் குலப்பெருமை மூலப் படத்தில் இருக்கும், தேடல் அட்டவணையில் ஏறாது. இதில் சிலருக்கு மனவருத்தம் உண்டு. அட்டவணையில் சாதி ஏறினால் ஊரின் நினைவு மறுபடி அந்தப்படியே பிரியும் என்பது எங்கள் முடிவு, மாற்றுவதாக இல்லை. சாவின் காரணத்தைக் குடும்பம் எழுதாமல் விட்ட இடத்தில் நாங்களும் எழுதவில்லை.

கடைசியாக, மலரே இல்லாதவர்களைப் பற்றிச் சொல்ல வந்தவர்களுக்கு. மலர் அச்சிடக் காசு வேண்டும், எழுதத் தெரிந்த ஆள் வேண்டும். இரண்டும் இல்லாத வீட்டில் ஒற்றைத்தாள் கண்ணீர் அஞ்சலிகூட இராது. அவர்களுக்காக ஒரு பக்கத் தாள் வைத்தோம்: பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர், தாய் தகப்பன், குறிச்சி, தெரிந்த திதி, செய்த தொழில். "எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "நல்ல மனுசி" என்பதோடு நின்றுவிடும். விடிய எத்தனை மணிக்கு எழும்புவா, முதல் வேலை என்ன, கையில் என்ன இருக்கும் என்று கேட்கக் கற்றுத்தந்தவர் ஒரு குடும்பநல மருத்துவமாது. அப்படிக் கேட்டதில்தான், சந்தையடியில் தட்டை வடை சுட்டு விற்ற ஓர் ஆச்சி, ஊறிய உளுந்தை அரைக்காமல் முழுதாகவே மாவில் போட்டுக் குழைப்பா, வாழையிலைத் துண்டில் எண்ணெய் தடவித் தட்டுவா, மழைநாளில் வடை நமத்துவிடும் என்று பாதிதான் சுடுவா என்பதெல்லாம் வந்தது. தாளின் பின்பக்கமும் நிரம்பியது. பிறந்த ஆண்டு யாருக்கும் தெரியவில்லை, அந்தக் கட்டம் வெறுமையாகவே இருக்கிறது. தெரிந்தவர் இருந்தால் சொல்லுங்கள்.

மூலப் பிரதிகள் எல்லாம் தைத்து, அமிலமில்லாத உறையில் இட்டுத் தயாராக உள்ளன. உறையின் மேல் பென்சிலால் எழுதிய எண்ணும் தந்தபோது கிடைத்த சிட்டையின் எண்ணும் ஒன்றா என்று பார்த்து எடுங்கள், ஒரே ஆளின் மலரைப் பல வீட்டார் தந்திருக்கிறார்கள். ஐப்பசி மழை இறங்குமுன் வந்து எடுத்தால் நல்லது. வீட்டில் வைக்கும்போது சுவரோடு ஒட்டிய தட்டில் வேண்டாம், நிலத்தில் இருந்து ஒரு முழமாவது உயரத்தில் வையுங்கள். சாமியறை என்றால் விளக்குக்கு எதிர்ப்பக்கம்.

நன்றியுடன்,
கல்வெட்டு, நினைவு மலர் சேகரிப்பில் ஈடுபட்டோர்
பருத்தித்துறை