தூண்டில் போட்டிக் குழுவினருக்கு ஒரு படகோட்டியின் திறந்த மடல்

அன்புடையீர்,

முல்லைத்தீவுக் கரையில் நீங்கள் நடத்தவிருக்கும் நன்கொடைத் தூண்டில் போட்டியின் அறிவித்தல் எங்கள் சங்கக் கட்டடத்தின் கதவிலும் ஒட்டப்பட்டிருக்கிறது. கொழும்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். சேரும் பணம் கடலில் காணாமற்போனவர்களின் பிள்ளைகளுடைய படிப்புக்குப் போகிறது. நல்ல காரியம். அந்தப் பிள்ளைகளில் சிலர் எங்கள் ஒழுங்கையில்தான் வளர்கிறார்கள். ஆகவே போட்டி வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் அறிவித்தலின் அடியில் "படகும் வழிகாட்டியும் உள்ளூர் மீனவர்களின் அன்பளிப்பு" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த அன்பளிப்பை யார் கொடுத்தார்கள் என்று கரையில் விசாரித்துப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

பணப் பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். எங்கள் இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்குப் போனது. அந்த அடியிலிருந்து இன்னும் நிமிராத வீடுகள் இங்கே உண்டு. எரிபொருளும் ஒரு நாள் உழைப்பின் கூலியும் போட்டிக்கு முதல் நாளே வழிகாட்டியின் கைக்கு வர வேண்டும். வாங்கியதைத் திரும்ப உண்டியலில் போடுவது அவரவர் விருப்பம். போடுகிறவர்களும் இருப்பார்கள். அதை அறிவித்தலில் முன்கூட்டியே எழுதுவதற்கு உங்களுக்கு உரிமை இல்லை.

என்னை எழுத வைத்தது வேறு ஒரு வரி. "போட்டியாளர் விரும்பும் இடத்துக்குப் படகோட்டி அழைத்துச் செல்ல வேண்டும்" என்று விதிமுறைத் தாள் சொல்கிறது.

வைகாசியில் போட்டி வைத்திருக்கிறீர்கள். அப்போது சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எழும்பிவிடும். மன்னார்ப் பக்கம் அது கடலிலிருந்து கரைக்கு அடிக்கும் காற்று. எங்கள் கிழக்குக் கரையில் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று. கரையில் நின்று பார்ப்பவருக்குக் கடல் தட்டையாக, குளம் போலக் கிடக்கும். அதை நம்பி வெளியே போய், இயந்திரம் நின்றுவிட்டால், காற்று படகைக் கரைக்குத் தள்ளாது. வங்காள விரிகுடாவுக்குள் தள்ளிக்கொண்டு போகும். யாருடைய பிள்ளைகளுக்காகப் பணம் சேர்க்கிறீர்களோ, அவர்களுடைய தகப்பன்மாரில் சிலர் போன வழி அதுதான். காலையில் போன படகு வெயில் ஏறிக் காற்று முறுகுவதற்குள் திரும்ப வேண்டும் என்பது எங்களில் சின்னப் பையனுக்கும் தெரியும். "இன்னும் ஒரு மணித்தியாலம் நிற்போம், இரண்டு மீன் வந்தால் நாங்கள்தான் முதலிடம்" என்று கட்டணம் கட்டி வந்தவர் சொல்லும்போது படகோட்டி யாருடைய சொல்லைக் கேட்பது? உங்கள் தாளின்படி அவருடைய சொல்லை.

போட்டி நடத்துகிற நீங்கள் அறிந்திருப்பீர்கள்: 1939இல் தொடங்கிய சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் விதிப்படி, மீன் கொத்திய பிறகு தூண்டில்காரர் அல்லாத ஒருவர் தடியைத் தொட்டால் அந்த மீன் கணக்கில் சேராது. நியாயமான விதி. நாங்கள் உங்கள் தடியைத் தொட மாட்டோம். நீங்கள் எங்கள் இயந்திரத்தின் கைபிடியைத் தொடாதீர்கள். தொடாமல் வாயால் திருப்பவும் வேண்டாம்.

வழிகாட்டுவது என்றால் படகை ஓட்டுவது மட்டும் என்று நினைக்கிறீர்களோ என்னவோ. அறிவித்தலில் பெரிய கொடுவா மீனின் படம் போட்டிருக்கிறீர்கள். வட்டுவாகலிலும் நாயாற்றிலும் களப்பு, அதாவது கரையோர உப்புநீர்ப் பரப்பு, கடலோடு சேரும் முகத்துவாரம் மாரி வெள்ளத்தில் தானாக உடைத்துக்கொண்டோ நாங்கள் வெட்டியோ திறக்கும். களப்பின் பழுப்புத் தண்ணீரும் கடலின் நீலத் தண்ணீரும் சேரும் இடத்தில் நுரை பிடித்த ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டின் பழுப்புப் பக்கத்தில் மணலை என்ற சின்ன மீனின் குஞ்சுகள் சிதறித் துள்ளினால், அடியில் கொடுவா நிற்கிறது. தூண்டிலைக் கோட்டின் மேல் எறிந்தால் பயனில்லை. ஓட்டத்துக்கு மேலே எறிந்து, இரை தண்ணீரோடு தானாக வர விட வேண்டும். ஆனால் இதெல்லாம் மாரி முடிந்து சில கிழமைகளின் கதை. கோடை ஏறினால் மணல் முகத்துவாரத்தைப் பொதுவாக மூடிவிடும். வைகாசியில் ஆலாப் பறவைகள் சாளைக் கூட்டத்தின் மேல் விழுந்து எழும்பும் இடத்தைத் தேடிப் போய்ப் பாரையும் சீலாவும் பிடிக்கலாம். கொடுவாயை உங்கள் அறிவித்தலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். கரையில் ஒருவரிடம் கேட்டிருந்தால் படத்தையோ திகதியையோ மாற்றியிருப்பீர்கள்.

பரிசு "மிகப் பெரிய மீனுக்கு" என்றிருப்பதையும் மாற்ற வேண்டும். கொடுவா ஆணாகத் தொடங்கிப் பின்னர் பெண்ணாக மாறும் மீன். ஒரு மீற்றரைத் தாண்டியது அநேகமாகப் பெண்தான்; இலட்சக்கணக்கில் முட்டையிடும் தாய் மீன். அதைத் தராசில் தொங்கவிட்டுப் படம் எடுப்பதற்கு எங்கள் முகத்துவாரத்தைத் தர மாட்டோம். அளந்து, படம் எடுத்து, உயிரோடு விடுங்கள். மூன்று வெவ்வேறு இன மீன்களின் நீளத்தைக் கூட்டிப் புள்ளி கொடுத்தால் ஒரே மீனைத் துரத்தும் வெறி குறையும். எந்த வழிகாட்டிக்குத் தண்ணீர் தெரியும் என்பதும் வெளிச்சமாகும்.

உயிரோடு விடுவதற்கும் முறை இருக்கிறது. தூண்டில் முனையில் பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டால் தூண்டில் இலகுவாகக் கழன்றுவிடும். மீனைத் தொடுமுன் கையையும் அளவுப் பலகையையும் நனைக்க வேண்டும். காய்ந்த கை மீனின் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும், பிறகு அது புண்பட்டுச் சாகவும் கூடும். பெரிய மீனைத் தாடையில் மட்டும் பிடித்துத் தூக்கக் கூடாது, வயிற்றுக்கும் ஒரு கை வேண்டும். செவுளுக்குள் விரல் விடாதீர்கள். கொடுவாயின் செவுள் மூடி தங்கூசி என்கிற தூண்டில் நரம்பையே அறுக்கும். தண்ணீரில் தலையை ஓட்டத்துக்கு எதிரே பிடித்து, அது தானாக வாலடித்து உதறிக்கொண்டு போகும்வரை பொறுக்க வேண்டும். இவ்வளவையும் வந்தவருக்குப் படகில் சொல்லிக் கொடுக்கப் போவது நாங்கள்தான்.

வலைகளைப் பற்றி ஒரு சொல். இரவில் போட்ட வலையை விடிந்த பிறகுதான் எடுப்போம். நீங்களோ விடியற்காலையில் கொடியசைத்து எல்லாப் படகுகளையும் ஒன்றாக ஓடவிடப் போகிறீர்கள். எங்கள் வலைக்கு அடையாளமாகப் பல இடங்களில் மிதப்பது வெறும் பிளாஸ்டிக் போத்தல். அரை வெளிச்சத்தில் அது தெரியாது. 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இழுவை மடியைத் தடைசெய்த பிறகும் கடல் கடந்து வரும் இழுவைப் படகுகள் அறுத்த வலைகளைத் தைத்துக்கொண்டிருக்கும் சனம் இது. தர்மத்துக்கு ஓடிய படகு அறுத்தது என்று சொன்னால் சிரிக்க மாட்டார்கள். ஓட்டப் பந்தயம் வேண்டாம். வெளிச்சம் நன்றாக வந்த பிறகு, கரைவலை இழுக்கும் இடங்களை விலக்கி, ஒவ்வொரு படகாகப் புறப்படட்டும்.

திகதியை மாற்றச் சொல்வதற்குக் காற்று மட்டும் காரணம் அல்ல. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல் வருகிறது. அந்த நாட்களில் படகுக்கு ஆள் தேடுவது வீண். மே மாத நடுப்பகுதியில் முள்ளிவாய்க்கால் கரைக்கு முன்னால் கொடி கட்டிக் கொண்டாட்டமாக ஓடுவதற்கு இங்கே யாரும் வர மாட்டார்கள் என்பதை விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். நந்திக்கடல் களப்புக்குள் போகும் எண்ணம் இருந்தால், அது 2017இல் இயற்கை ஒதுக்கமாக அறிவிக்கப்பட்ட இடம்; எங்களிடம் மட்டும் கேட்டால் போதாது, வனசீவராசிகள் திணைக்களத்திடமும் கேட்க வேண்டும். என் யோசனை பங்குனி. வடகிழக்கிலிருந்து வரும் வாடைக் காற்று அடங்கியிருக்கும், சோளகம் தொடங்கியிராது, சில வருடங்களில் முகத்துவாரமும் திறந்திருக்கும். பெரிய வெள்ளிக் கிழமையையும் ஞாயிறு காலைப் பூசை நேரத்தையும் விட்டுவிடுங்கள்.

மற்றவை பேசித் தீர்க்கக் கூடியவை. ஆனால் விதிமுறைத் தாளில் அந்த ஒரு வரியை வெட்டிவிட்டு இதை எழுதுங்கள்: "எங்கே போவது, எப்போது திரும்புவது என்பது வழிகாட்டியின் முடிவு. அப்படித் திரும்பிய அணிக்குப் புள்ளி குறையாது. வழிகாட்டியின் கூலியும் குறையாது." தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டு, போட்டியாளர் ஒவ்வொருவரிடமும் கையொப்பம் வாங்குங்கள். படகில் ஏறும் முன் உயிர்காப்பு அங்கி எல்லோர் உடம்பிலும் இருக்க வேண்டும், படகோட்டி உட்பட. எங்களில் பலரிடம் அது இல்லை. பரிசுக் கிண்ணத்தின் செலவைக் கொஞ்சம் குறைத்தால் வாங்கிவிடலாம்.

அந்தத் தாள் சங்கத்துக்கு வந்து சேர்ந்தால் என் படகைப் பதிவு செய்கிறேன். இரண்டு பேருக்குத்தான் இடம் இருக்கிறது. மூன்றாவது ஆளையும் பெரிய குளிர்ப்பெட்டியையும் கொண்டுவர வேண்டாம் என்று இப்போதே சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
முல்லைத்தீவுக் கரையோரப் படகோட்டி ஒருவன்