நெருக்கடி நிலையைப் படிக்கத் தொடங்கும் தம்பிக்கு

அன்புள்ள செழியன்,

1975 நெருக்கடி நிலை பற்றி எந்தப் புத்தகத்தில் தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். எதில் வேண்டுமானாலும் தொடங்கலாம். படிக்கும்போது பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கட்டும். அதில் நான்கு பத்திகள் போடுங்கள்: தேதி, நடந்தது, சொல்பவர், அவருக்கு அது எப்படித் தெரியும். நான்காவதில்தான் உழைப்பு அதிகம். நேரில் இருந்தாரா, கோப்பில் பார்த்தாரா, யாரோ சொல்லிக் கேட்டாரா? தெரியாவிட்டால் காலியாக விடுங்கள், ஊகத்தால் நிரப்பாதீர்கள்.

ஜூன் மாதத்தை மட்டும் நாள்வாரியாக எழுதுங்கள். 12ஆம் தேதி, இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 24ஆம் தேதி, உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்தத் தீர்ப்புக்கு நிபந்தனையோடு தடை கொடுத்தார். நெருக்கடி நிலை அறிவிப்பில் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டது 25 இரவு. அமைச்சரவை கூடியதோ 26 காலையில்! ‘அமைச்சரவை முடிவெடுத்தது, குடியரசுத் தலைவர் அறிவித்தார்’ என்று ஒரு நூல் போகிறபோக்கில் எழுதினால், அதிகாரம் அன்றிரவு யார் கையில் இருந்தது என்பதே மறைந்துபோகும். அமைச்சரவை முடிவு எழுத்தில் வந்த பிறகே அறிவிக்கலாம் என்று 1978இல் அரசியலமைப்பின் 44ஆவது திருத்தம் சேர்த்ததன் காரணமும் இந்த வரிசையில்தான் இருக்கிறது.

நினைவுக்குறிப்பு நூல் என்றால், எழுதியவர் 1975இல் வகித்த பதவியையும் நூல் வெளிவந்த ஆண்டையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். 1977 தேர்தலில் இந்திரா காந்தி தோற்ற பிறகு எழுதியவர் ‘அன்றே எதிர்த்தேன்’ என்றால், அடிக்குறிப்பில் கடிதமோ கோப்புக் குறிப்போ இருக்கிறதா என்று தேடுங்கள். சிறையில் இருந்தவர்களும் பின்னால் தெரிந்துகொண்டதை அன்றே தெரிந்ததுபோல எழுதிவிடுவதுண்டு. அவர்கள் பட்ட துன்பம் பெரிது. தேதியைச் சரிபார்ப்பது அதைக் குறைக்காது.

சரிபார்க்க, நெருக்கடி நிலைக்கால அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷனின் அறிக்கைகள் உதவும். அதை அமைத்தது ஜனதா அரசு. இந்திரா காந்தி அதன்முன் சாட்சியம் அளிக்க மறுத்தார். இரண்டையும் மனதில் வைத்தே படியுங்கள்.

டெல்லியை மையமாக வைத்த நூல்களில் தமிழ்நாட்டின் காலக்கோடு பெரும்பாலும் விடுபட்டுப்போகும். இங்கே 1976 ஜனவரி 31இல் திமுக ஆட்சி கலைக்கப்பட்ட பிறகுதான் அடி பலமாக விழுந்தது. சென்னை மத்தியச் சிறையில் கைதிகள் தாக்கப்பட்டது பற்றி அறிய நீதிபதி இஸ்மாயில் கமிஷன் அறிக்கையைத் தேடிப் படியுங்கள்.

நெருக்கடி நிலையில் காவலில் வைக்கப்பட்டவர்கள் விடுதலை கேட்டு நீதிமன்றம் போக முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் ஏ.டி.எம். ஜபல்பூர் தீர்ப்பு. அதைப் பற்றிய விளக்கங்களுக்கு முன்பே நீதிபதி எச்.ஆர். கன்னாவின் மாறுபட்ட தீர்ப்பைப் படித்துவிடுங்கள். 1976 ஏப்ரல் 28, நான்குக்கு ஒன்று. 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி, அவருக்கு இளையவரான பெக் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார். பழைய நூல்கள் பல இந்த இடத்தோடு நின்றுவிடும். அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2017இல் தனியுரிமை வழக்கில்தான் ரத்து செய்தது. அதை உங்கள் கையாலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.