ஹிஃப்ழ் (குர்ஆன் மனன) வகுப்புப் பெற்றோர் கவனத்திற்கு: காலாண்டுத் தேர்வு நேர மாற்றம்

அஸ்ஸலாமு அலைக்கும்.

காலாண்டுத் தேர்வு நெருங்குவதால், பள்ளிப் பாடமும் குர்ஆன் மனனமும் ஒன்றையொன்று நெருக்காதபடி ஓதும் நேரத்தை மாற்றுவது குறித்துப் பேச, செப்டம்பர் 14, ஞாயிறு மாலை 5 மணிக்கு, அஸர் தொழுகைக்குப் பின் மதரஸாவில் கூடுகிறோம்.

1. தேர்வு முடியும்வரை புதிய பாடம் இல்லை. சுபுஹு (அதிகாலை) தொழுகைக்குப் பின் அரை மணி நேரம் பழைய பாடத்தை ஓதிக்காட்டினால் போதும்.
2. அதையும் நிறுத்திவிட வேண்டாம். 604 பக்க முஸ்ஹஃபை (குர்ஆன் பிரதியை) நாளுக்கு அரைப் பக்கமாக மனனம் செய்ய மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது; திருப்பி ஓதாத ஜுஸ்வோ (குர்ஆனின் முப்பது பாகங்களில் ஒன்று) சில வாரங்களிலேயே நழுவிவிடுகிறது (ஓதிய நம்மில் பலருக்கு இது தெரியும்).
3. தேர்வு அட்டவணையின் நகலைக் கொண்டு வரவும்.

வருகிறவர்கள் பிள்ளையின் பள்ளி வகுப்பைக் குறிப்பிட்டு வெள்ளி இரவுக்குள் பதிலிடவும்.