வேரின் மறுமொழியும் சொல்லப்பட வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளிவந்த பயிர் ஊட்டம் பற்றிய கட்டுரை, இலையின் நிறமாற்றத்தைக் கொண்டு சத்துக் குறைபாட்டை இனங்காணும் முறையைத் தெளிவாக விளக்கியிருந்தது. ஆனால், சத்துக் கிடைக்காத வேர் சோர்ந்து வளர்ச்சியை நிறுத்திவிடுகிறது என்று ஒரே வரியில் வேரைக் கடந்து சென்றிருப்பதை, தாவர உடலியல் பயிற்றுவிக்கும் என்னால் ஏற்க இயலவில்லை. நீண்ட நாள் கடும் பட்டினியில் வேரும் ஒடுங்கும் என்பது மெய். அந்த நிலையை எட்டுவதற்கு வெகு முன்பே அது செய்யும் வேலைகள் பல.

மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண் துகள்களோடு இறுகப் பிணைந்துகொள்வதால், நீரோடு சேர்ந்து வேரிடம் வருவது மிகக் குறைவு. வேர்தான் அதைத் தேடிப் போக வேண்டும். ஆய்வுக்கூடங்களில் பெரிதும் பயன்படும் அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் சிறுசெடியில், இச்சத்து குறைந்ததும் முதன்மை வேரின் நீட்சி அடங்குகிறது. அதே வேளையில் பக்கவேர்கள் பெருகி, வேர்த்தூவிகள் நீள்கின்றன. (எல்லாப் பயிர்களிலும் முதன்மை வேர் இவ்வாறு நிற்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) பக்கவேர்களைத் தோற்றுவிக்கும் செல்களில், ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனை உணரும் ஏற்பிப் புரதம் கூடுதலாக உருவாவதால், அச்செல்கள் ஆக்சினுக்கு முன்னைவிட எளிதில் இணங்குகின்றன. வேர் நுனியிலிருந்து தூவிகள் முளைக்கும் பகுதிக்கு ஆக்சினைக் கடத்த உதவும் புரதம் இல்லாத நெற்செடிகளில், மணிச்சத்து குறைந்தாலும் தூவிகள் உரியவாறு நீள்வதில்லை என்று 2018இல் வெளியான ஆய்வு காட்டியது.

மணிச்சத்துப் பஞ்சத்தில் வேர் மிகுதியாகச் சுரக்கும் ஸ்ட்ரிகோலாக்டோன்கள் என்ற வேதிப்பொருள்களின் வரலாறு இன்னும் வியப்பானது. சுடுமல்லி என்ற ஒட்டுண்ணிக் களையின் விதையை முளைக்கத் தூண்டும் பொருளாகத்தான் இவ்வகையில் முதலாவது 1966இல் பருத்தி வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. தன் பகையை எழுப்பும் பொருளை ஒரு செடி ஏன் சுரக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை கிடைக்க ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆயின. வேரோடு கூடி வாழ்ந்து மணிச்சத்தைக் கொணரும் பூஞ்சைகளின் இழைகளைக் கிளைக்கச் செய்யும் அழைப்பு அது என்று 2005இல் தெரியவந்தது. களை அந்த அழைப்பை ஒட்டுக்கேட்கிறது. அதே பொருள் செடிக்குள் ஹார்மோனாகச் செயல்பட்டுத் தண்டில் கிளைப்பதைத் தடுக்கிறது என்பது 2008இல் உறுதியாயிற்று. சத்து அரிதான காலத்தில் மேலே கிளைகளைக் குறைத்து, கீழே துணையை வரவழைக்கும் இரு வேலைகளும் ஒரே மூலக்கூறின் பொறுப்பில் இருக்கின்றன.

தழைச்சத்தின் (நைட்ரஜன்) செய்தியோ செடி முழுவதையும் சுற்றி வருகிறது. ஒரு செடியின் வேர்த்தொகுதியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் தழைச்சத்தின் ஒரு வடிவமான நைட்ரேட்டை மறுத்தால், பட்டினி கிடக்கும் பாதி 15 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு பெப்டைடு ஹார்மோனை மேலே அனுப்புகிறது. அதை இலைகளில் உள்ள ஏற்பி உணர்ந்ததும் வேறொரு செய்தி கீழே இறங்க, நைட்ரேட் கிடைக்கும் மறுபாதி வேர் அதை முன்னிலும் மிகுதியாக உறிஞ்சுகிறது. 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட இந்தக் கண்டுபிடிப்பை வகுப்பில் விளக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் நெகிழ்கிறது.

இது பாடப்புத்தக நுணுக்கம் மட்டும் என்று தள்ளிவிட முடியாது. காசலாத் என்ற பாரம்பரிய நெல் ரகத்தில், இளம் பருவத்திலேயே வேரைப் பெருக்கி மணிச்சத்துக் குறைந்த மண்ணிலும் விளைச்சலுக்கு உதவும் பிஸ்டால்1 என்ற மரபணு 2012இல் அடையாளம் காணப்பட்டது. நவீன ரகங்கள் பலவற்றில் அது இல்லை. உரம் தாராளமாக இட்ட பாத்திகளில் மட்டுமே ரகங்களைத் தேர்ந்தெடுத்தால், இத்தகைய வேர்த்திறன் கண்ணில் படாமலே கழிந்துபோகும் என்று அஞ்சுகிறேன். ஆகவே, அந்த ஒரு வரியைத் திருத்துவதோடு, வேரின் மறுமொழிகளைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தாவரவியல் ஆசிரியர் ஒருவர்