செய்த வேலையை எழுதித் தாருங்கள்: மனிதவளத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மனிதவளத் துறைத் தலைவர்களுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

சென்ற வாரம் என் முன்னாள் நிறுவனத்தின் மனிதவளத் துறையிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. வெளிநாட்டுக் குடியேற்ற விண்ணப்பத்துக்காக, அங்கே நான் செய்த பணிகளை விவரிக்கும் ஒரு கடிதம் கேட்டு, 41 நாள் காத்திருந்து, ஆறு முறை நினைவூட்டிய பிறகு வந்த பதில் அது. பணி விவரங்களைக் கடிதத்தில் குறிப்பிடுவது நிறுவனக் கொள்கைக்கு மாறானது என்றும், ஆகவே என் கோரிக்கை முடித்துவைக்கப்படுகிறது என்றும் அதில் எழுதியிருந்தது. அந்த நிறுவனத்தின் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. இதே பதிலை வேறு வேறு நிறுவனங்களிலிருந்து பெற்று என்னைப் போலவே தவித்து நிற்பவர்களை எனக்குத் தெரியும் என்பதால், உங்கள் எல்லோருக்கும் பொதுவாகவே இந்த மடலை எழுதுகிறேன்.

திறன்சார் குடியேற்றத்துக்கு விண்ணப்பிப்பவர்களிடம் என்ன கேட்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. ஒவ்வொரு மாதமும் யாராவது ஒருவர் உங்களிடம் வந்து கேட்கிறார். லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம். அதில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை, என்னென்ன பணிகள் செய்தார், கையெழுத்திடுபவரின் பெயரும் தொடர்பு விவரமும். ஆஸ்திரேலியாவுக்கான திறன் மதிப்பீட்டிலும் இதைத்தான் கேட்கிறார்கள். கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற குடியேற்ற முறையில் இவற்றோடு சம்பளத்தையும் சலுகைகளையும் சேர்த்துக் கேட்கிறார்கள். நீங்கள் தருவதோ இரண்டு வரி: இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை மென்பொருள் பொறியாளராகப் பணியாற்றினார், அவருடைய எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம். மென்பொருள் பொறியாளர் என்ற அதே பெயரில் ஒருவர் நிரல் எழுதுகிறார், ஒருவர் சோதனை செய்கிறார், ஒருவர் தரவுத்தளத்தைப் பராமரிக்கிறார். மதிப்பீடு செய்பவர் பதவிப் பெயரை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வருவதில்லை; செய்த பணிகளைத் தொழில் பட்டியலில் உள்ள விவரிப்போடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறார். அந்தப் பணிகளே இல்லாத கடிதம் அவருக்கு வெற்றுத் தாள்தான்.

இதனால் என்ன இழப்பு என்று நீங்கள் கேட்கலாம். என் கணக்கையே சொல்கிறேன். முதல் நிறுவனத்தில் 3 ஆண்டு 4 மாதம் வேலை செய்தேன். இப்போதைய நிறுவனத்தில் 5 ஆண்டு 2 மாதம் ஆகிறது. ஆஸ்திரேலியாவுக்குச் செல்லும் கணினித் துறையினரின் திறனை மதிப்பிடும் ஏ.சி.எஸ். அமைப்பு, படித்த பட்டமும் பார்க்கும் வேலையும் நன்றாகப் பொருந்தும் என்னைப் போன்றவர்களுக்குக்கூட முதல் 2 ஆண்டுகளைக் கழித்துவிட்டு மீதியைத்தான் திறன்சார் அனுபவமாக எடுத்துக்கொள்கிறது. இரண்டு நிறுவனங்களையும் சேர்த்தால் எனக்கு ஆறரை ஆண்டு நிற்கும். ஆஸ்திரேலியாவின் இந்தக் குடியேற்ற விசாவுக்கு வயது, படிப்பு, அனுபவம் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போடுகிறார்கள். ஆஸ்திரேலியாவுக்கு வெளியே பெற்ற அனுபவம் 5 ஆண்டைத் தாண்டினால் 10 புள்ளி. முதல் நிறுவனத்தின் காலத்தை நிரூபிக்க முடியாவிட்டால் அந்த 2 ஆண்டும் இப்போதைய வேலையிலிருந்தே கழியும். மிஞ்சுவது 3 ஆண்டு 2 மாதம், அதற்கு 5 புள்ளிதான். அடுத்த மாதம் எனக்கு 33 வயது நிறைகிறது. 32 வயது வரை வயதுக்கென்று கிடைக்கும் 30 புள்ளி அன்றோடு 25 ஆகிவிடும். விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வரும் நாளில் என்ன வயதோ அதைத்தான் கணக்கில் எடுப்பார்கள். 65 புள்ளி இருந்தால் அந்த அழைப்பைக் கேட்டு விருப்ப மனு போடலாம் என்பது விதி. ஆனால் வரிசையில் கூடுதல் புள்ளி வைத்திருப்பவருக்கே அழைப்பு முதலில் போகிறது என்பதால், ஐந்து ஐந்தாகப் போகும் இந்தப் புள்ளிகள் எங்களுக்கு ஆண்டுக்கணக்கான காத்திருப்பு. துணிந்து புள்ளியைக் கோரிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கோரிய புள்ளியை ஆவணத்தோடு நிரூபிக்க முடியாதபோது விசா மறுக்கப்படும், 4,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் கட்டிய கட்டணமும் திரும்பி வராது.

படிப்புக்கான புள்ளியை வாங்க எனக்கு இந்தப் பாடு இல்லை. இளநிலைப் பட்டத்துக்கு 15 புள்ளி, முனைவர் பட்டத்துக்கு 20. பட்டச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் கையில் இருந்தன. ஒவ்வொரு பருவத்திலும் படித்த பாடங்களைத் தனித்தனியாகக் குறிப்பிட்ட டிரான்ஸ்கிரிப்ட் கேட்டேன். பல்கலைக்கழகம் கட்டணத்தை வாங்கிக்கொண்டு முத்திரை வைத்துக் கொடுத்தது. நான் படித்துப் பத்தாண்டு ஆகப்போகிறது. என்ன பாடம் படித்தாய் என்பதைச் சொல்வது எங்கள் கொள்கைக்கு விரோதம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

நிறுவனம் தர மறுத்தால் உடன் பணியாற்றியவரிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கலாம் என்று ஒரு மாற்று வழி இருக்கிறது. அதையும் செய்து பார்த்தேன். மூன்றாண்டு எனக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து வேலை செய்த மூத்த சகா ஒருவர், இன்னமும் அதே நிறுவனத்தில் இருப்பவர், நான் கேட்டதும் தயங்காமல் ஒப்புக்கொண்டார். ஒரு சனிக்கிழமை காலையில் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்து, நான் எழுதியிருந்த பணிப் பட்டியலை வரி வரியாகப் படித்து, நான் மறந்துபோயிருந்த ஒரு வேலையையும் சேர்க்கச் சொன்னார். பேனாவைத் திறந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: சரிபார்ப்பதற்காக நிறுவனத்துக்கு அழைத்தால் என் பெயர் வெளியே வருமா? வரக்கூடும் என்று சொன்னேன். அவரிடம் எப்படிப் பொய் சொல்வது? சிறிது நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தவர், பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டு, தப்பா நினைச்சுக்காதே என்றார். நான் தப்பாக நினைக்கவில்லை. உண்மையைச் சொல்வதற்கு ஒரு நல்ல மனிதரை இப்படிப் பயப்படவைத்தது எது என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

நாங்கள் செய்த வேலை உங்களுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு நாளும் எந்தப் பணிக்கு எத்தனை மணி நேரம் என்று டைம்ஷீட்டில் நிரப்பவைத்தீர்கள். ஆண்டுதோறும் அப்ரைசல் படிவத்தில் பொறுப்புகளையும் சாதனைகளையும் எழுதி வாங்கினீர்கள். வாடிக்கையாளர் நிறுவனத்துக்கு எங்களை அனுப்பும்போது எங்கள் திறமைகளை இரண்டு பக்கத்துக்கு நீங்களே எழுதிக் கொடுத்தீர்கள். அப்போதெல்லாம் குறுக்கே வராத கொள்கை, வேலையை விட்டு விலகியவர் தனக்காக ஒரு பக்கம் கேட்கும்போது மட்டும் வருவது எந்த விதத்தில் நியாயம்?

உங்கள் தரப்புத் தயக்கங்களையும் நான் மறுக்கவில்லை. வாடிக்கையாளரின் ரகசியம் வெளியே போய்விடக் கூடாது என்பீர்கள். வாடிக்கையாளரின் பெயரோ திட்டத்தின் பெயரோ எங்களுக்கு வேண்டாம், பணிகள் மட்டும் போதும். ஆளுக்கு ஒரு கடிதம் எழுத ஆட்கள் இல்லை என்பீர்கள். வரைவை நாங்களே எழுதித் தருகிறோம், எங்கள் மேலாளர் சரிபார்க்கட்டும், தவறு இருந்தால் அடித்துவிடுங்கள். இப்படிக் கடிதம் கொடுத்தால் எல்லோரும் வெளிநாடு போய்விடுவார்கள் என்ற எண்ணம் சிலருக்கு இருக்கிறது. நான் உங்களை விட்டு விலகி ஐந்தாண்டு ஆகிறது. என்னை இனி எதற்காகப் பிடித்துவைக்க வேண்டும்?

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். உண்மையான கடிதம் கிடைக்காத இடத்தில் பொய்க் கடிதம் விற்பவர்கள் கடை விரிக்கிறார்கள். லெட்டர்ஹெட், முத்திரை, கையெழுத்து எல்லாவற்றையும் தயார்செய்து தருவதாக எனக்கே ஒருவர் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். போலி ஆவணம் என்று கண்டுபிடித்தால் ஆஸ்திரேலியாவின் 4020 விதிப்படி விசா மறுக்கப்படுவதோடு, 3 ஆண்டுக்கு வேறு விசாவும் கிடைக்காமல் போகலாம். ஆனால் உண்மையாகவே அந்த வேலையைச் செய்துவிட்டு, அதற்குச் சான்று மட்டும் கிடைக்காமல் விரக்தியில் அந்த வலையில் விழுபவரின் குற்றத்தில் உங்கள் மௌனத்துக்கும் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன். கடிதம் கொடுத்த பிறகும், சரிபார்க்க வரும் அழைப்பையும் மின்னஞ்சலையும் கவனிக்க ஆளில்லாமல் விட்டுவிடும் நிறுவனங்கள் இருக்கின்றன. அதற்குப் பதில் சொல்வதும் அந்தக் கடிதத்தின் ஒரு பகுதிதான்.

கோபத்தில் எழுத்து சற்று சூடாகியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது சிபாரிசும் இல்லை, புகழுரையும் இல்லை. உங்கள் பதிவேடுகளில் ஏற்கெனவே இருப்பதை, நாங்கள் செய்த வேலையை, எழுதித் தாருங்கள். விலகும் நாளிலேயே ரிலீவிங் லெட்டரோடு பணி விவரக் கடிதத்தையும் சேர்த்துத் தருவதை ஒரு நடைமுறையாக்குங்கள். ஏற்கெனவே விலகியவர்கள் கேட்டால் இத்தனை நாளுக்குள் தருகிறோம் என்று ஒரு கெடு வைத்து, அதற்குள் தாருங்கள். கொள்கை இடம் கொடுக்கவில்லை என்றால், அந்தக் கொள்கையை வகுத்தவர்களும் உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்த மடலைக் காட்டுங்கள்.

கடைசியாக, என் முன்னாள் நிறுவனத்தாருக்கு மட்டும்: என் கடிதத்தின் வரைவு ஒரு பக்கம்தான். முதல் நினைவூட்டலோடு அனுப்பியது, இன்னமும் உங்கள் அஞ்சல் பெட்டியில் இருக்கும். அதைத் திறந்து படித்து, சரியாக இருந்தால் கையெழுத்திட்டு, என் பிறந்தநாளுக்கு முன்னால் அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்களிடம் 3 ஆண்டு 4 மாதம் வேலை செய்த ஒரு பொறியாளர்